செண்பகவடிவின் வலியைத் தூக்கியவர்கள்

ஒரு விடுகதை போடுகிறேன், கேளுங்கள். இடுப்பில் ஏறி உட்காரும், பிள்ளை இல்லை. இறக்கி விட்டால் வீடு தேடி ஊரும், ஆமை இல்லை. வெயிலில் காயப் போட்டால் சிறுக்கும், கனம் மட்டும் குறையாது. பெற்றவள் அதை வேண்டாம் என்பாள், அது அவளைத்தான் தேடி வரும். அது என்ன?

மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், விடையை இப்போதே சொல்லிவிடுகிறேன். கருவேலந்துறையில் உப்பளத் தெருவில் குடியிருந்த செண்பகவடிவு என்ற பெண்ணின் வலிதான் அது. அவள் உடம்பை விட்டு அது எப்படி வெளியே வந்தது என்று கேட்டால் அந்த ஊரில் யாருக்கும் தெரியாது, யாரும் அதைப் பற்றி அதிகம் யோசிக்கவும் இல்லை. வெளியே வந்துவிட்ட வலியை யார் தூக்குவது என்பதே அவர்களுக்குப் பெரிய கவலையாக இருந்தது.

கருவேலந்துறை, கடலை வாய்க்கால் வழியாக உள்ளே அழைத்து, பாத்தி கட்டி நிறுத்தி, வெயிலை வேலைக்கு வைத்து உப்பாக்கிப் பிழைக்கிற ஊர். விடியும் முன்பே பெண்கள் அளத்துக்குப் போவார்கள், பாத்தியில் விளைந்த உப்பைப் பலகையால் வாரிக் குவிப்பார்கள், பெட்டியில் நிறைத்துத் தலையில் ஏற்றி, வரப்பின் மேல் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக நடந்து போய் அம்பாரத்தில் கொட்டுவார்கள். முன்னால் போகிறவளுக்குத் தலை சுற்றினால் பின்னால் வருகிறவள் தன் பெட்டியைக் கொட்டிவிட்டு வந்து அவள் பெட்டியையும் தூக்குவாள். ஏன் எதற்கு என்று கேட்க மாட்டாள், மறுநாள் அதைச் சொல்லிக் காட்டவும் மாட்டாள். அந்த அளத்துப் பழக்கம் அது.

அந்த ஊருக்கும் அதைச் சுற்றியிருந்த ஊர்களுக்கும் வலி பார்க்க வருகிறவள் ஜெபசீலி. நர்ஸ் படிப்பை முடித்து, பல வருஷம் ஆஸ்பத்திரி வார்டுகளில் நடந்து, அதற்கு மேலும் படித்தவள். இனி குணமாகாது என்று ஆஸ்பத்திரிகள் வீட்டுக்கு அனுப்பிவிட்டவர்களை அந்த வீட்டிலேயே போய்ப் பார்ப்பது அவள் வேலை. வயிற்றைத் தட்டிப் பார்த்து நீர் கோத்திருக்கிறதா என்று சொல்வாள்; புண்ணைக் கழுவி, நாற்றம் வராமலிருக்க மாத்திரையைப் பொடித்துத் தூவுவாள்; படுக்கையில் கிடப்பவரை, மடித்த சேலையை அடியில் கொடுத்து நோகாமல் புரட்டுவது எப்படி என்று வீட்டாருக்குக் காட்டித் தருவாள். எவ்வளவு மருந்து கொடுத்தால் வலி அடங்கும், எவ்வளவுக்கு மேல் போனால் மூச்சு அடங்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். தெரிந்ததை எழுதிக் கையெழுத்துப் போடத்தான் அவளுக்கு உரிமை இல்லை. கையெழுத்து, ஜில்லா தலைநகரில் இருந்த டாக்டருடையது. நல்ல மனிதர், ஆனால் அவர் ஒருவர்தான். நர்ஸுக்கு மேலே, டாக்டருக்குக் கீழே, நடுவில் யாரும் நாற்காலி போட்டு வைக்காததால் ஜெபசீலி நின்றுகொண்டே வேலை பார்த்தாள். ஊரில் அவளை வலி சிஸ்டர் என்று கூப்பிட்டார்கள்.

செண்பகவடிவுக்குக் கர்ப்பப்பையில் புற்று. அறுக்கிற காலமும் கதிர்வீச்சுக்குக் கரண்டு வைக்கிற காலமும் தாண்டிப் போயிருந்தது. புருஷன் நயினார் உப்பு லாரி ஓட்டுகிறவன். மகள் நாச்சியார் ஐந்தாம் வகுப்பு. மார்ஃபின் மாத்திரை இருந்தவரை வடிவு ஒருக்களித்துப் படுத்து ரேடியோ கேட்டாள், நாச்சியாருக்குச் சடை பின்னினாள். பிறகு எங்கோ ஓர் ஆபீசில் ஏதோ ஓர் உரிமம் புதுப்பிக்கப்படாமல் நின்றுபோனதால் மாத்திரை வரவில்லை. அடுத்த வாரம் என்றார்கள், அதற்கடுத்த வாரமும் அடுத்த வாரம் என்றார்கள். ஜெபசீலி போன் பேசாத அதிகாரி இல்லை. வடிவின் சத்தம் தெருவில் கேட்க ஆரம்பித்தது; பக்கத்து வீடுகளில் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

அப்படியான ஒரு காலையில், பையில் காய்ச்சல் மாத்திரையைத் தவிர ஒன்றுமில்லாமல், ஜெபசீலி அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொடுக்க மருந்து இல்லாவிட்டாலும் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுவது அவள் வழக்கம்.

"வடிவு, வலி எப்படிம்மா இருக்கு? ஒண்ணுமே இல்லன்னா சைபர். தாங்கவே முடியலன்னா பத்து. எத்தனைன்னு சொல்லு."

"அத எப்படி சிஸ்டர் எண்ணிச் சொல்ல? உப்பா அது, இத்தன பெட்டின்னு சொல்லுததுக்கு?" என்றாள் வடிவு, பல்லைக் கடித்துக்கொண்டு. "தெனமும் இதையே கேக்கிய. நீங்களே தூக்கிப் பாத்துக்கிடுங்க."

சொல்லிவிட்டு, இடுப்புக்குக் கீழே கையைக் கொடுத்து, அதை எடுத்து, ஜெபசீலியின் மடியில் வைத்தாள்.

பிறந்து ஒரு வருஷமான பிள்ளையின் அளவு இருந்தது அது. ஈரமான சாம்பல் நிறம். கன்றுக்குட்டியின் வயிறு போலச் சூடு. முகம் இல்லை, கை கால் இல்லை, ஆனால் பிடித்துக்கொள்ளத் தெரிந்திருந்தது. மடியில் வைத்ததுமே ஜெபசீலியின் இடுப்பைச் சுற்றி இறுக்கியது. அவளுக்கு அடிவயிற்றிலிருந்து முதுகுத்தண்டுக்குத் துருப்பிடித்த கம்பி ஒன்றை நுழைத்துத் திருகினது போல இருந்தது. எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பேரிடம் கேட்டிருந்த கேள்விக்கு முதல் தடவையாகக் கையில் பதில் கிடைத்திருந்தது. அவள் கண்ணை மூடி, மூச்சை இழுத்து விட்டு, மெல்லக் கேட்டாள்:

"இப்ப எப்படி இருக்கு?"

வடிவு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்திலிருந்த முடிச்சுகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன.

"சைபர்," என்றாள். பிறகு, "பசிக்கு சிஸ்டர்," என்றாள்.

அதைத் தரையில் வைத்தால் கட்டிலை நோக்கி ஊர்ந்தது. பானைக்குள் போட்டு மூடினால் பானை உருண்டது. வாசலுக்கு வெளியே கொண்டு போனாலும், வடிவின் வீட்டு ஓடு கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும் திமிறியது; தெருமுனை திரும்பி வீடு மறைந்த பிறகுதான் அடங்கி, தூக்கியவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டது. ஆக, யாராவது அதைத் தூக்கிக்கொண்டு வீடு தெரியாத தூரத்தில் இருக்க வேண்டும், எப்போதும் இருக்க வேண்டும். இதை ஜெபசீலி தெருவில் நின்று சொன்னாள். பிறகு, அளத்தில் பெண்களுக்கு முன்னால் நடக்கிற தங்கபுஷ்பம், குளித்து முடித்த ஈரத் தலையோடு வந்து இடுப்பைக் காட்டினாள்.

"கொண்டாங்க சிஸ்டர். அஞ்சு பெத்தவ நான். இதென்ன, ஆறாவது." வாங்கிக்கொண்டதும் அவள் வாய் கோணியது. "எம்மா. ஏட்டி வடிவு, இத வச்சிக்கிட்டா நேத்து எனக்கு வணக்கம் சொன்ன?"

அன்றிலிருந்து உப்பளத் தெரு செண்பகவடிவின் வலியை முறை வைத்துத் தூக்கியது. அளத்துப் பெட்டி மாறுவது போலவே கை மாறியது. ஒருத்திக்கு முடியாமல் போகிற நேரத்தில் அடுத்தவள் வந்து நிற்பாள். சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது என்பது தங்கபுஷ்பம் போட்ட சட்டம். பெண்கள் அதை இடுப்பில் வைத்துக்கொண்டே உப்பு வாரினார்கள், மீன் வாங்கினார்கள், பஸ்சுக்குக் காத்திருந்தார்கள். கண்டக்டர், அதற்கு டிக்கெட் கேட்பதா வேண்டாமா என்று யோசித்து, கேட்காமல் விட்டார். ஆண்கள் முதலில் வெட்கப்பட்டு, பிறகு தோளில் போட்டுக்கொண்டார்கள். தூக்கி வருகிறவருக்கு சாமிதாஸ் கடையில் டீ இலவசம் என்று ஆனது. ரேஷன் கடையில் வலியோடு வருகிறவருக்கு வரிசை கிடையாது என்று ஆனது. ஒரே வாரத்தில் பழைய தலையணையை ஈரத்துணியில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு மூன்று பேர் முனகிக்கொண்டே முன்னால் போனார்கள், முனகலில் உண்மை இல்லாததைப் பார்த்து வரிசை அவர்களைப் பின்னால் தள்ளியது. கோயிலுக்குள் அதைக் கொண்டு வரலாமா என்று பூசாரி யோசித்தார், சர்ச்சுக்குள் கொண்டு வரலாமா என்று பாதிரியார் யோசித்தார், இரண்டு பேரும் அவரவர் முறையில் அதை ஒரு நாள் தூக்கிய பிறகு அந்தக் கேள்வியைக் கேட்பதை விட்டுவிட்டார்கள்.

மற்ற ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். எங்க அப்பா வலியையும் எடுத்து விடுங்க, எங்க அக்கா வலியையும் எடுத்து விடுங்க என்று ஜெபசீலியின் ஸ்கூட்டரை மறித்தார்கள். அவளும் ஒவ்வொரு வீட்டிலும் அதே கட்டிலோரத்தில் உட்கார்ந்து அதே கேள்வியை அதே குரலில் கேட்டுப் பார்த்தாள். அவர்கள் எட்டு என்றார்கள், பத்து என்றார்கள், பத்துக்கு மேலே ஏதும் இருக்கிறதா என்று கேட்டார்கள். ஒருவரும் எடுத்துக் கையில் கொடுக்கவில்லை.

நயினாரின் முறை வந்தபோது அவன் லாரியை ஓரம் கட்டிவிட்டு வந்து வாங்கிக்கொண்டான். தெருமுனை திரும்பிப் பத்து அடி நடந்திருப்பான், நடு ரோட்டில் உட்கார்ந்துவிட்டான். ஜெபசீலி ஓடிப் போய்ப் பக்கத்தில் குந்தினாள்.

"சத்தம் போடாதட்டி, தெருவே பாக்குன்னு சொன்னேன் சிஸ்டர்," என்றான் அவன். "கொஞ்சம் பொறுத்துக்கிட்டா என்னன்னு கேட்டேன். இதயா பொறுத்துக்கச் சொன்னேன்?"

அவள் அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அவன் எழுந்து, அன்று பொழுது சாயும் வரை யாருக்கும் கொடுக்காமல் தூக்கிக்கொண்டு நடந்தான்.

வலி போன வீட்டில் வடிவு எழுந்து உட்கார்ந்தாள். தலைக்கு ஊற்றிக் குளித்தாள். சாளை மீன் குழம்பு வைத்தாள், பக்கத்து வீட்டுக் கோழி முற்றத்துக்கு வந்ததற்குச் சண்டை போட்டாள், நாச்சியாரின் பள்ளிக்கூடச் சட்டையில் அறுந்த பொத்தானைத் தைத்தாள். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. பொழச்சிட்டா, என்றது தெரு.

ஜெபசீலி மட்டும் வாரம் தவறாமல் வந்து, அவளைப் படுக்க வைத்து வயிற்றைத் தொட்டாள். கட்டி வளர்ந்துகொண்டிருந்தது. கணுக்காலை அமுக்கினால் குழி விழுந்தது, குழி மேலே வர நேரம் பிடித்தது. வெள்ளை விழியில் மஞ்சள் ஏறிக்கொண்டிருந்தது. இதையெல்லாம் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போவது சுலபம். ஆனால் அவள் வேலையில் பாதி, யாரும் சொல்ல விரும்பாததைச் சொல்வது.

"வடிவு, வலிதாம்மா வெளிய போயிருக்கு. நோய் போகல."

"தெரியும் சிஸ்டர்," என்றாள் வடிவு, கத்தரிக்காயை நறுக்கிக்கொண்டே. "எனக்குள்ள இருக்கது எனக்குத் தெரியாதா? அவியகிட்ட நீங்க சொல்லுங்க. நான் சொன்னா அழுவாவ. அப்புறம் ஒண்ணு." அவள் கத்தியை வைத்தாள். "கடைசியில எனக்கு வலிச்சாலும் சரி, வலிக்காட்டாலும் சரி. எம்பிள்ள மொகத்தப் பாத்துக்கிட்டே போணும். அவள எங்கயும் அனுப்பிராதிய."

ஜெபசீலி நயினாரிடம் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டான், தலையை ஆட்டினான், ஒரு சொல்லும் உள்ளே இறங்கவில்லை. அவனுக்கு ஒரு கணக்கு இருந்தது. வலி வெளியே போனதும் பெண்டாட்டி எழுந்து உட்கார்ந்தாள். அப்படியானால் வலிதான் நோய். வெளியே இருக்கிற வலி அழிந்தால் அவள் பிழைத்துவிடுவாள். நர்ஸ் அம்மாவுக்கு வேற என்ன தெரியும், அவிய டாக்டர் இல்லையே, என்று தெருவில் சொன்னான். தெருவுக்கும் அந்தக் கணக்கு பிடித்திருந்தது, ஏனென்றால் தூக்கித் தூக்கித் தெரு களைத்திருந்தது. எரிக்கலாம் என்றார்கள், அது எரியாது என்று தெரிந்தது. கடலில் விடலாம் என்றார்கள், கரைக்குத் திரும்பி வந்துவிடும் என்று பயந்தார்கள். கடைசியில் தங்கபுஷ்பம்தான் சொன்னாள்.

"ஈரமா இருக்கு. ஈரமா இருக்கதெல்லாம் காயும். நமக்குக் காயப்போடத் தெரியாதா?"

ஜெபசீலி வேறு ஊர்களில் இருந்த ஒரு வாரத்தில் அவர்கள் அதைக் கொண்டு போய், வெயில் அதிகம் விழுகிற கடைசிப் பாத்தியில் இறக்கினார்கள். ஊர்ந்து போய்விடாமல் வரப்பை உயர்த்திக் கட்டினார்கள். அங்கே அது, வெதுவெதுப்பான உப்புத்தண்ணீரில், முதல் தடவையாக யார் இடுப்பும் இல்லாமல் அமைதியாகக் கிடந்தது. தூங்கியது என்று சிலர் சொன்னார்கள். ஒவ்வொரு நாளும் சிறுத்தது. பிள்ளை அளவு இருந்தது தேங்காய் அளவு ஆனது, தேங்காய் எலுமிச்சை அளவு ஆனது. சாம்பல் நிறம் போய் வெள்ளை படர்ந்தது, விளிம்புகளில் பட்டை பட்டையாக மின்னியது. தெரு முழுக்கச் சேர்ந்து ஆடு அடித்தது. சாமிதாஸ் அன்று எல்லோருக்கும் டீ கொடுத்தார். வடிவும் ஒரு வாய்ச் சோறு சாப்பிட்டாள். மகளுக்கு ஊட்டிய நேரம்தான் அதிகம்.

ஜெபசீலி ஸ்கூட்டரை நிறுத்தி இறங்கியபோது விருந்து முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். நடந்ததைக் கேட்டதும் அவள் வீட்டுக்குள் போகவில்லை, அளத்தை நோக்கி ஓடினாள். பாதி வரப்பு போவதற்குள் கடைசிப் பாத்தியில் தண்ணீர் முழுக்க வற்றியது. உருண்டையாக, கண்ணைக் கூசும் வெள்ளையாக, அது பாத்தியிலிருந்து எழுந்து, ஊர்வதை மறந்து, எறிந்த கல் போல அவள் தலைக்கு மேலே போனது. ஊர்ப் பக்கமிருந்து வடிவின் குரல் கேட்டது. அப்படி ஒரு குரலை அவள் வார்டுகளில் கேட்டதில்லை.

வடிவு கட்டிலிலிருந்து கீழே விழுந்து கிடந்தாள். நாச்சியார் சுவரோடு ஒட்டி, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றாள். ஜெபசீலி வடிவின் இடுப்பைத் தடவித் தேடி, எலுமிச்சை அளவே இருந்ததைப் பிடித்து இழுத்து எடுத்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு தெருமுனை திரும்புகிற வரை தன் கால்கள் நடந்ததாக அவளுக்கு நினைவில்லை. முன்பு ஒரு நாள் முழுக்கப் பரவி வலித்ததெல்லாம் இப்போது ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் வலித்தது. நடுநடுவே ஓய்வு கொடுத்த தணிவுகள் காணாமல் போயிருந்தன. ஓர் உலை கொதிக்கிற நேரம் தாங்கினாள். பிறகு கை தானாகத் திறந்துகொண்டது, தங்கபுஷ்பம் ஏந்திக்கொண்டாள், ஏந்தியவள் மண்ணில் மண்டியிட்டாள்.

"நம்ம புத்திய என்ன சொல்ல," என்றாள் தங்கபுஷ்பம், பல் கிட்டிப் போன வாயோடு. "காயப்போட்டா தண்ணிதானட்டி போகும். உப்பு எங்க போகும்? காலமெல்லாம் அந்த உப்ப வாரித் தின்னுட்டு, இது தெரியாமப் போச்சே."

வேறு எந்த ஊர்க்காரர்களாக இருந்தாலும் வேறு ஏதாவது தவறு செய்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு அந்த வெள்ளைக் கட்டி யார் கையிலும் ஒரு தடவைக்கு மேல் நிற்கவில்லை. முதல் தடவை வாங்கியவர் உலை கொதிக்கிற நேரமோ, துணி காய்கிற நேரமோ தாங்கினார். இரண்டாம் தடவை நீட்டிய கை வழியாகத் தண்ணீர் போல வழுக்கிக்கொண்டு வீட்டை நோக்கிப் போனது. நயினார் இரண்டாம் தடவைக்குக் கெஞ்சினான், சட்டையில் முடிந்தான், கயிற்றால் கையோடு கட்டினான், நிற்கவில்லை. ஜெபசீலியும் முயன்று பார்த்துவிட்டாள், அவள் கையிலும் நிற்கவில்லை. எனவே புதிய கைகள் வேண்டியிருந்தன. தெரு முடிந்து அடுத்த தெரு தூக்கியது, அளத்து வேலைக்கு வந்த வெளியூர்க்காரர்கள் தூக்கினார்கள், பஸ் கண்டக்டர் தூக்கினார், பாதிரியாரும் பூசாரியும் தூக்கினார்கள். ஒரு நாளைக்கு எத்தனையோ பேர் தேவைப்பட்டார்கள். பிறகு கதவுகள் சாத்தியிருக்க ஆரம்பித்தன. அவர்களைக் குறை சொல்ல ஜெபசீலியால் முடியவில்லை. ஒரு தடவை தூக்கியவர்கள் எல்லோரும் அதைத் தூக்கச் சொல்லி இன்னொருவரைக் கேட்கிற தைரியத்தை இழந்திருந்தார்கள். கைகளுக்கு இடையே இடைவெளி விழுந்தது. இடைவெளி விழுந்தபோதெல்லாம் அது வீட்டுக்குப் போனது, தெரு காதைப் பொத்திக்கொண்டது.

வடிவு விழுங்க முடியாத நிலைக்கு வந்த அன்று டாக்டர் போனில் கிடைத்தார். ஊசி மருந்து அவரிடம் கொஞ்சம் வந்திருந்தது.

"எவ்வளவு கொடுக்கணும்னு உங்களுக்கே தெரியும் சிஸ்டர்," என்றார். "ஆனா கையெழுத்துப் போட்டு, ஆள் கையிலதான் கொடுக்க முடியும். யாரையாவது அனுப்புங்க."

நயினார் மறுநாள் விடிந்ததும் லாரியை எடுத்துக்கொண்டு போனான். திரும்பி வரச் சாயங்காலம் ஆகும்.

உச்சி வெயிலில் வடிவின் மூச்சு மாறியது. ஜெபசீலி அதைக் காதால் கேட்பதற்கு முன்பே முழங்காலைத் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். முழங்கால் குளிர்ந்து, தோலில் ஊதாத் திட்டுகள் வந்திருந்தன. சாயங்காலம் வரைக்கும் தாங்காது. ஈரத்துணியால் உதட்டைத் துடைத்தாள், தலையணையை உயர்த்தினாள், ஜன்னலைத் திறந்தாள். தெரிந்ததையெல்லாம் செய்தாள். செய்ய வேண்டிய ஒன்று சாலையில் எங்கோ லாரியில் வந்துகொண்டிருந்தது, அல்லது இன்னும் புறப்படவே இல்லை.

அந்த நேரத்தில் வலி, தெருவுக்கு வந்த ஐஸ்காரரின் கையில் இருந்தது. அவர்தான் கடைசிப் புதிய கை. தங்கபுஷ்பம் வாசலில் வந்து நின்றாள்.

"அவருக்கு முடியல சிஸ்டர். திடமா வந்த மனுசன், ஐஸப் பூராவும் உருக விட்டுட்டு அழுதுக்கிட்டு இருக்காரு. அடுத்து ஆள் இல்ல. நான் தெருத்தெருவா போயிட்டேன்."

"வேற யாருமே இல்லையா?"

தங்கபுஷ்பத்தின் கண், தான் போட்ட சட்டத்தைத் தானே மீறி, கட்டிலின் காலடியில் உட்கார்ந்திருந்த நாச்சியார் மேல் போய்விட்டுச் சட்டென்று தரைக்குத் திரும்பியது. ஊரில் அதைத் தொடாத கைகள் பிள்ளைகளின் கைகள் மட்டும்தான். மற்ற வீடுகள் பிள்ளைகளை உள்ளே வைத்துப் பூட்டியிருந்தன.

வடிவு கண்ணைத் திறந்தாள். வெள்ளைக் கட்டி இன்னும் ஐஸ்காரர் கையில் இருந்த அந்தச் சில நொடிகளில் அவள் தெளிவாக இருந்தாள்.

"நாச்சி எங்க?"

"இங்கனதான் இருக்கேன்மா."

"போயிராத."

ஜெபசீலி அந்தப் பிள்ளையைக் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். தானே முடிவு செய்துவிட்டு, பிள்ளையிடம் இதைத்தான் செய்ய வேண்டும் என்று சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தாள்; பெரியவர்கள் அப்படித்தான் செய்வார்கள், பிள்ளைகள் வளர்ந்த பிறகு அதற்காக மன்னிக்கவும் மாட்டார்கள். எந்தப் பக்கம் முடிவு செய்வது என்பதும் அவளுக்குத் தெரியவில்லை. அத்தனை வருஷப் படிப்பில் அதற்கு ஒரு பக்கம்கூட இல்லை.

"நாச்சி, அம்மா இன்னைக்குச் செத்துப் போயிருவா," என்றாள். "கொஞ்ச நேரத்துல. அப்பா வர்றதுக்குள்ள."

நாச்சியார் தலையை ஆட்டினாள்.

"இப்ப அந்தக் கல்லு இங்க வந்துரும். நீ அம்மா பக்கத்துல இருக்கலாம். அம்மா அதத்தான் கேக்கா. ஆனா கல்லு உள்ள போயிரும், அம்மாவுக்கு வலிக்கும். இல்லன்னா நீ அதத் தூக்கிட்டு, வீடு தெரியாத தூரத்துக்குப் போகலாம். அம்மாவுக்கு வலிக்காது. நீ திரும்பி வர்றப்ப அம்மா இருக்க மாட்டா. ரெண்டுல எது செஞ்சாலும் தப்பு இல்ல. ஒண்ணும் செய்ய மாட்டேன்னு உக்காந்துக்கிட்டாலும் தப்பு இல்ல."

"எனக்கு வலிக்குமா?"

"வலிக்கும். ரொம்ப வலிக்கும்."

நாச்சியார் யோசித்தாள். தெருமுனையில் ஐஸ்காரரின் மணி கீழே விழுந்து உருண்டது.

"நான் போயிட்டா அம்மா என்னத் தேடுவாளா சிஸ்டர்?"

பொய் சொல்லலாம் என்று ஜெபசீலிக்குத் தோன்றியது. "தேடுவா," என்றாள்.

"வலிச்சா?"

"அப்படி வலிச்சா, பக்கத்துல இருக்கது யாருன்னு தெரியாது. யாரயும் தேட முடியாது."

தெருமுனையில் வெள்ளையாக ஒன்று திரும்பி, மண்ணை ஒட்டி, வேகமாக வந்தது. தங்கபுஷ்பம் அதற்கு முன்னால் விழுந்து கையை விரித்தாள். அவள் விரல்களுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு வந்தது. உள்ளேயிருந்து வடிவு மறுபடியும் மகளைக் கூப்பிட்டாள். ஜெபசீலி வாசலை மறைக்காமல் ஒதுங்கி நின்றாள்.

நாச்சியார் குனிந்து அதை இரண்டு கையாலும் பிடித்து எடுத்து, பாவாடை மடியில் கட்டிக்கொண்டு, அளத்துப் பக்கம் போனாள்.